சிக்கந்தர் பாயின் தலையளவு

சிக்கந்தர் பாய் டீ கிளாஸை எடுக்கக் குனிந்தார். தொப்பி நழுவி நேராக டீக்குள் விழுந்தது.

பாய் இரண்டு விரலால் தொப்பியைத் தூக்கிப் பிடித்தார். ஏலக்காய் டீ சொட்டுச் சொட்டாக என் நூல் கடை மேஜை மேல் வடிந்தது. மூன்று நாள் உட்கார்ந்து நான் பின்னிய தொப்பி அது.

"ஊறட்டும் விடுங்க. ஊறுனாலாவது கொஞ்சம் பெருசாகுதான்னு பாப்போம்" என்றார் அவர் மனைவி ஆயிஷாக்கா.

பாய் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வர இரண்டு நாள் ஆகும், கோபம் உடனே வந்துவிடும். அன்றைக்கு என் கோபம் நூல் மேல் பாய்ந்தது.

"எல்லாம் இந்த உல்லன் நூல் பண்ற வேலை பாய். பேருதான் உல்லன், உள்ள பூரா பிளாஸ்டிக்கு. மதுரையில இருந்து நல்ல பருத்தி நூல் வரவழைச்சு இன்னொண்ணு போட்டுத் தாரேன். உங்க கடைசி மக நிக்காஹ்வுக்குத்தான் இன்னும் பத்து நாள் கெடக்கே."

"பத்து நாள்தான் கெடக்கு" என்றார் ஆயிஷாக்கா.

அதே பத்து நாள்தான். அவருக்கு அது குறைவாகத் தெரிந்தது, எனக்கு நிறையத் தெரிந்தது.

கடைத் தொப்பி ஏறாத தலை

விருதுநகரில் நூல், லேஸ், பட்டன் விற்கிற என் கடையை இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். சிக்கந்தர் பாயை இன்றைக்குத்தான் அழைத்து வருகிறேன். மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருப்பவர். நல்ல உயரம், நல்ல குணம், அதற்கெல்லாம் மேலே நல்ல பெரிய தலை. நான் டேப் வைத்து அளந்தபோது இருபத்து நாலு அங்குலம் வந்தது. டேப் மேல் சந்தேகப்பட்டு வேறு டேப் எடுத்து அளந்தேன். அதிலும் இருபத்து நாலுதான்.

கடைகளில் விற்கிற தொழுகைத் தொப்பி எதுவும் அந்தத் தலையில் ஏறாது. உச்சியில் மூடி வைத்தாற்போல உட்காரும். ஆன்லைனில் இருப்பதிலேயே பெரிய அளவு என்று வரவழைத்ததும் அப்படித்தான். அவருடைய அம்மா இருந்தவரைக்கும் பிரச்சினை இல்லை. அந்த அம்மா அளவெடுத்து, குரோஷாக் கொக்கி ஊசியால் பின்னிக் கொடுத்துவிடுவார். அவர் காலமான பிறகு, கடைசியாகப் பின்னித் தந்த தொப்பியைப் பாய் நைந்து நூலாகப் பிரியும்வரை போட்டார்.

இரண்டு வருஷம் முன்னால் மூத்த மகள் நிக்காஹ். மாப்பிள்ளை பக்கத்தில், கல்யாணத்தை நடத்தி வைக்கிற ஹஜ்ரத்துக்கு எதிரே, பெண்ணைப் பெற்றவராகப் பாய் உட்கார்ந்திருக்கிறார். பதிவேட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தபோது கடைத் தொப்பி கழன்று பதிவேட்டின் மேலேயே விழுந்து, ஈரமாக இருந்த மாப்பிள்ளையின் கையெழுத்தை இழுகிவிட்டது. போட்டோக்காரர் அந்த நொடியில் சரியாகப் படம் பிடித்தார். ஆல்பத்தில் அது முழுப் பக்கம். ஒவ்வொரு பெருநாளைக்கும் சம்பந்தி வீட்டில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு சிரிப்பார்களாம்.

"நானும் கூடச் சேந்து சிரிச்சுக்கிருவேன் தங்கச்சி. ஆனா வீட்டுக்கு வந்தா மனசு ஒரு மாதிரியா இருக்கும்" என்றார் பாய், முதல் முதலாக அளவு கொடுக்க வந்த அன்றைக்கு. "இவ கடைசிப் புள்ள. இதுக்கப்புறம் நான் கையெழுத்துப் போடுற கல்யாணம் எனக்குக் கெடையாது. இந்தத் தடவையாவது தொப்பி தலையில நிக்கணும்."

சொல்லிவிட்டு மஞ்சள் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து வைத்தார். அம்மாவின் பெட்டியில் இருந்ததாம். அதைப் பார்த்துத்தான் அவர் பின்னுவாராம்.

"என் பொறுப்பு பாய்" என்று சொல்லிவிட்டேன். கடையில் அப்போது நாலு பேர் இருந்தார்கள். ஆள் இருக்கும்போது எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நம்பர் கூடினால் மெலிசு

பாய் தந்த புத்தகம் எட்டே பக்கம். கப்பலில் வேலை பார்த்த தாய்மாமா யாரோ எப்போதோ சீமையிலிருந்து, அதாவது இங்கிலாந்திலிருந்து, கொண்டுவந்தது. உண்மையில் அது தொழுகைத் தொப்பிக்கான புத்தகமே இல்லை. அந்த ஊர் ஆண்கள் குளிருக்கு வீட்டுக்குள் போட்டுக்கொள்கிற வட்டத் தொப்பி. பன்னிரண்டு பூ, பூவுக்கு இருபது கண்ணி. அதைப் பார்த்ததும் மகனுக்குத் தொழுகைத் தொப்பியாகப் போடலாம் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த யோசனைக்கே ஒரு கும்பிடு போடலாம்.

பழைய பேட்டர்னை இந்தக் காலத்து ஊசிக்கும் நூலுக்கும் மாற்றுவது தனி வேலை. என் கடைக்கு அதற்காகவே ஆட்கள் வருவார்கள். அருப்புக்கோட்டையிலிருந்துகூட வாட்ஸ்அப்பில் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பி, "அக்கா, இது என்ன எழவுக்கா?" என்று கேட்பார்கள்.

முதல் வம்பு, பின்னலின் பெயர். சீமைக்காரர்கள் டபுள் என்று எழுதுவதை அமெரிக்காக்காரர்கள் சிங்கிள் என்பார்கள். இப்போது போனில் வீடியோ போடுகிறவர்களில் முக்கால்வாசி அமெரிக்கக் கட்சி. பழைய புத்தகங்களில் முக்கால்வாசி சீமைக் கட்சி. இது தெரியாமல் பின்னினால் குட்டையாக வரவேண்டிய வரிசை நெட்டையாக வந்து, தொப்பி வாளியாகிவிடும். புத்தகம் முழுக்கத் தேடியும் சிங்கிள் என்ற பேச்சே இல்லையென்றால் அது சீமைப் புத்தகம் என்று நான் முடிவு கட்டிவிடுவேன். இதுவரை தப்பியதில்லை.

அடுத்தது ஊசி. இந்தக் காலத்துக் கொக்கி ஊசியில் மில்லிமீட்டர் போட்டிருக்கும். நம்பர் கூடினால் ஊசி தடிமன். அந்தக் காலத்து இரும்பு ஊசியில் நம்பர் கூடினால் ஊசி மெலிசு. வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்குவதற்குள் தொண்டை வற்றிவிடும். எங்கள் பக்கத்துப் பெண்களிடம் ஒரு வார்த்தை போதும். "கம்பி மத்தாப்புக்கு வாங்குற கம்பி மாதிரித்தான்" என்றால், "சரிக்கா" என்று போய்க்கொண்டே இருப்பார்கள். மத்தாப்புக் கம்பியில் நம்பர் கூடக் கூட மெலிந்துகொண்டு போகும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நூலும் அப்படியே. நாற்பதாம் நம்பர் நூல் இருபதாம் நம்பரைவிட மெலிசு. பழைய கம்பெனி நூல் பலதும் இப்போது வருவதில்லை. ஏறக்குறைய அதே தடிமனில் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். பாய்க்கு முதல் தொப்பி போட்டபோது நான் அந்தச் சிரமத்தை எடுக்கவில்லை. கையிலிருந்த உல்லன் நூலை எடுத்துக் கண்ணிகளைப் பாதியாகக் குறைத்து, மனக்கணக்கில் பின்னினேன். அது டீயில் விழுந்த கதையைத்தான் சொல்லிவிட்டேனே.

இன்னொன்றையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எல்லாப் பழைய புத்தகத்திலும் முதல் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். இருபது கண்ணி பின்னினால் இரண்டு அங்குலம் வரவேண்டும் என்பது போல. அந்த வரியை நான் ஒருநாளும் நின்று படித்ததில்லை. படம் தொடங்குவதற்கு முன்னால் போடுகிற எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்?

நான் அதுவரை பின்னியதெல்லாம் மேஜை விரிப்பு, ஃப்ரிட்ஜ் விரிப்பு, கதவுத் தோரணம், போன் பை. மேஜைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் தலை கிடையாது. நாலு விரற்கடை குறைந்தாலும் விரிப்பு விரிப்புதான். அதுவுமில்லாமல், செல்வி பின்னினால் கஞ்சி போட வேண்டாம், தானாக விறைப்பாக நிற்கும் என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

கொண்டையில் மாட்டிய கொக்கி

போன இரண்டு வாரமும் பட்டாசுக் கம்பெனி நாட்களைப் பற்றி எழுதியபோது இந்தச் சம்பவத்தை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன், வெட்கமாக இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் ஏழெட்டு வருஷம் சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு ஆட்டம் பாம் சுற்றுகிற வேலை. மருந்து வைத்த சின்ன டப்பா மேல் சணல் நூலைச் சுற்றிச் சுற்றி உருண்டையாக்க வேண்டும். பார்க்கச் சுலபம். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றோடு ஒட்டிப் படிய வேண்டும். போர்மேன் வந்து ஒன்றை எடுத்து, சணலுக்கு அடியில் நகத்தை நுழைத்துப் பார்ப்பார். நகம் நுழைந்துவிட்டால் மொத்தத் தட்டும் திரும்பி வந்துவிடும்.

"இறுக்கம் இல்லேன்னா சத்தம் இல்லம்மா. ஜனங்க காசு குடுத்து வாங்குறது சத்தத்துக்கு" என்பார்.

என் தட்டு ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. விரல் இடுக்கில் சணல் அறுத்த கோடு இன்னும் இருக்கிறது.

குரோஷா பழகியதும் அந்த நாட்களில்தான். கம்பெனி வேனில் பக்கத்து சீட்டில் என் வயசுக்காரி ஒருத்தி பின்னுவாள். பார்த்துப் பார்த்து நானும் ஓர் ஊசி வாங்கினேன். ரோடு இருக்கிற லட்சணத்துக்கு வேன் குதிக்கும். கண்ணி நழுவாமல் இருக்க, நூலை விரலில் சுண்டி இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் வேனை விட்டு இறங்கும் அவசரத்தில் ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு மறந்துவிட்டேன். மருந்து இருக்கிற இடத்துக்குள் இரும்பு போகக் கூடாது. உரசினால் பொறி பறந்துவிடும். ஹேர்பின்னைக்கூடக் கேட்டில் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். சோதனை போடுகிற அக்கா என் கொண்டையில் கை வைத்தாள், எடுத்தாள், தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"என்ன புள்ள இது, எந்தப் பூட்டைத் தொறக்க?"

வரிசையில் நின்ற நாற்பது பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு முழுக்க எனக்குப் பூட்டுக்காரி என்று பெயர். மறுநாளிலிருந்து ஊசியை வேன் டிரைவரிடம் கொடுத்துவிட்டு இறங்குவேன். அவரும் அதை ஒரு சாமான் என்று மதித்து சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைப்பார்.

ஆக, பகலெல்லாம் சணல், போக வர நூல். என் கைக்குத் தெரிந்தது இறுக்கிப் பிடிப்பது ஒன்றுதான். ஆனால் அது எனக்கே அப்போது தெரியாது.

இரண்டாவது தொப்பி

மதுரையிலிருந்து பஸ் பார்சலில் நூல் வந்தது. இருபதாம் நம்பர், பளபளவென்று வெள்ளை. புத்தகத்தில் அச்சடித்திருந்த ஊசி மூன்றாம் நம்பர். அதன் பக்கத்தில் பாயின் அம்மா பென்சிலால் நாலு என்று எழுதியிருந்தார். அனுபவசாலி, அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நானும் நாலாம் நம்பரையே எடுத்தேன். இன்றைய அளவில் ஒரு மில்லி.

நூல் சரி, ஊசி சரி, கண்ணி எண்ணிக்கை சரி. ஐந்தாம் நாள் தொப்பி முடிந்தது. நடுவில் அளந்து பார்த்திருக்கலாம். வேலை நடுவில் டேப் எடுப்பது எனக்குக் கௌரவக் குறைச்சல்.

பாய் வந்தார், ஸ்டூலில் உட்கார்ந்தார். இந்தத் தடவை ஆயிஷாக்கா டீயைத் தள்ளி வைத்துக்கொண்டார். தொப்பியை வைத்தேன். உச்சியில் உட்கார்ந்தது. அழுத்தினேன். கையை எடுத்ததும் மெல்ல மேலே ஏறி வந்தது.

"ரெண்டு பூவைக் கூடப் போட்டுறலாமே செல்வி?" என்றார் ஆயிஷாக்கா.

"போட்டா ஓரம் ஆப்பம் மாதிரி நெளிஞ்சுக்கிரும்க்கா. பன்னெண்டு பூவுக்குத்தான் இந்த வட்டம்."

எரிச்சலில் டேப்பை எடுத்துத் தொப்பியைச் சுற்றி அளந்தேன். பதினெட்டு அங்குலம். இருபத்து நாலு வரவேண்டிய இடத்தில் பதினெட்டு. கைக்குழந்தைக்குப் போடலாம். நூலைக் குறை சொல்ல முடியாது, ஊசியைக் குறை சொல்ல முடியாது. என்னைக் குறை சொல்லலாம் என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை. கண்ணில் பட்டது அந்தப் பென்சில் எழுத்து.

"கோளாறு எங்கன இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு பாய். உங்க அம்மாதான் கண்டதையும் கிறுக்கி வச்சிருக்காக. நானும் அதை நம்பி மெனக்கெட்டுட்டேன்."

சொல்லி முடித்த நொடியே தெரிந்துவிட்டது, சொல்லியிருக்கக் கூடாது என்று. பாய் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மேஜையிலிருந்த புத்தகத்தை எடுத்தார், ஓரம் மடங்கியிருந்ததை நீவிவிட்டார், மஞ்சள் பைக்குள் வைத்தார்.

"வேண்டாம் தங்கச்சி. கடைத் தொப்பியே போட்டுக்கிறேன். நீங்க சிரமப்படாதீக."

ஆயிஷாக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் பின்னால் போனார். நிக்காஹ்வுக்கு ஐந்து நாள் இருந்தது.

மாரியக்கா காது வைத்தாள்

மறுநாள் மாரியக்கா வந்தாள். கம்பெனியில் எனக்கு அடுத்த பலகையில் உட்கார்ந்து சுற்றியவள். நான் வந்துவிட்டேன், அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். பேத்திக்குக் காதுகுத்து, பத்திரிகை வைக்க வந்திருந்தாள். பத்திரிகையைக் கையில் கொடுக்கும்போதே, "நாலு கலரு, சிவகாசியில அடிச்சது" என்றாள். வேறு எங்கே அடிப்பார்களாம்?

மேஜை மேல் தொப்பி கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். உள்ளே விரலை விட்டாள். நகத்தால் கண்ணிகளுக்கு நடுவில் குத்திப் பார்த்தாள். பிறகு விரல் முட்டியால் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்டாள்.

"என்னக்கா பண்றீக?"

"சத்தம் நல்லா வரும் செல்வி" என்றாள். "ஏன் புள்ள, இதுக்குத் திரி எங்கன வைக்கப்போற?"

நான் முறைத்தேன். அவள் அதையெல்லாம் சட்டை பண்ணுகிற ஆளில்லை.

"மனுஷன் தலையில போடுற சாமானா இது? நகம் நுழையமாட்டேங்குது பாரு. போர்மேன் பாத்தா அப்படியே எடுத்துப் பெட்டியில அடுக்கிருவாரு."

அவள் போகிற போக்கில் சொன்னாள். நான் போனைத் துழாவி எடுத்தேன்.

பின்னத் தொடங்கும்போது பிடித்து வைத்த புத்தகப் படங்கள் அதில் இருந்தன. முதல் பக்கத்தைப் பெரிதாக்கினேன். பொடி எழுத்து வரி. இருபது கண்ணி, இரண்டு அங்குலம். நான் ஒரு மில்லி ஊசியில் இருபது கண்ணி போட்டு அளந்தேன். ஒன்றரை அங்குலம்.

ஆயிஷாக்காவுக்குப் போன் போட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். கேட்டதும் ஆட்டோ பிடித்து வந்தார். அதே நூலையும் அதே ஊசியையும் கையில் கொடுத்து, "தெரிஞ்ச மாதிரி இருபது கண்ணி போடுங்கக்கா" என்றேன். அவருக்கு குரோஷா அரைகுறைதான். மாமியாரிடம் கொஞ்சம் பழகியவர். நிதானமாகப் போட்டார். அளந்தால் இரண்டு அங்குலம், நூல் பிடித்தாற்போல.

ஒரே ஊசி, ஒரே நூல், ஒரே இருபது. அவர் கைக்கு இரண்டு, என் கைக்கு ஒன்றரை. தொப்பி முழுக்க இருநூற்று நாற்பது கண்ணிக்கு இந்தக் குறை சேர்ந்தால் இருபத்து நாலு பதினெட்டாகாமல் என்ன செய்யும்?

"அக்கா, உங்க மாமியாருக்குக் கை எப்படி?"

"மாமிக்கா? ரொம்ப இளக்கமான கை செல்வி. மல்லிகைப்பூ கட்டுனாகூட தொளதொளன்னுதான் இருக்கும். நான்தான் அவுத்துத் திரும்பக் கட்டுவேன். அவுககிட்டப் பழகிப் பழகி இப்ப எனக்கும் அவுக கைதான் வந்துருக்கு."

அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. புத்தகம் சொன்ன மூன்றாம் நம்பர் ஊசியில் பின்னினால் அந்த அம்மாவின் இளக்கமான கைக்குத் தொப்பி பெரிதாகியிருக்கும். அதனால் ஒரு நம்பர் மெலிந்த ஊசிக்கு மாறி, மறக்காமல் இருக்கப் பென்சிலால் நாலு என்று குறித்துக்கொண்டார். தன் கை எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. முப்பது வருஷமாகப் பின்னுகிற எனக்குத் தெரியவில்லை. அவர் குறிப்பை நான் எடுத்துக்கொண்டதுதான் தப்பு, குறிப்பில் தப்பே இல்லை.

"அப்போ நீ கையைத் தளத்திப் பின்னு" என்றாள் மாரியக்கா.

முயன்றேன். நாலு கண்ணி தளர்வாக வரும், ஐந்தாவது தானாக இறுகிவிடும். வேலி மாதிரி கோணலும் மாணலுமாக வந்தது. இந்த வயசில் கை மாறாது, ஊசியைத்தான் மாற்ற வேண்டும். ஒன்றேகால் மில்லியில் போட்டேன், குறைந்தது. ஒன்றரையில் போட்டேன், மயிரிழை குறைந்தது. ஒன்றேமுக்காலில் போட்டேன். இருபது கண்ணி, இரண்டு அங்குலம். மாரியக்கா டேப்பின் அந்த முனையைப் பிடித்திருந்தாள்.

தும்மலோடு ஒரு மன்னிப்பு

தொப்பியை ஆரம்பிப்பதற்கு முன்னால் எனக்கு இன்னொரு வேலை இருந்தது. போனில் சொன்னால் போதும் என்றார் ஆயிஷாக்கா. நேரில் சொன்ன பேச்சுக்கு நேரில்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வத்தல் கடைக்கே போனேன்.

அன்றைக்கென்று லோடு இறங்கிக்கொண்டிருந்தது. மூட்டையைத் தட்டிக் கொட்டுகிறார்கள், கடை முழுக்கச் சிவப்புத் தூசி. உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. நான் வாசற்படியில் கால் வைத்ததுமே ஆரம்பித்துவிட்டது.

"பாய், நான் அன்னைக்கு உங்க அம்மாவை..." ஒரு தும்மல். "அவுக எழுதுனது..." இரண்டு தும்மல். "தப்பு என் பேர்லதான்..." அதற்கு மேல் வரிசையாக. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டுகிறது.

பாய் பதறிப்போய் எழுந்து வந்தார். "அட, எதுக்கு அழுகுறீக தங்கச்சி? நான் அப்பவே மறந்துட்டேன்."

"நான் அழுகல பாய். வத்தலு."

சொன்னாலும் கொஞ்சம் அழவும்தான் செய்தேன். எது வத்தலுக்கு, எது எனக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. வெளியே கூட்டி வந்து பெஞ்சில் உட்கார வைத்து, சோடா வாங்கிக் கொடுத்தார். ஊசிக் கதையைச் சொன்னேன். அம்மாவின் இளக்கமான கையைச் சொன்னேன். பாய் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அம்மா தலையில எண்ணெய் வச்சா வச்ச மாதிரியே தெரியாது" என்றார் கடைசியில். "அம்புட்டு இளக்கமான கை. நீங்க சொல்லித்தான் இப்ப நெனவுக்கு வருது."

மூன்றாவது தொப்பியை மூன்று நாளில் முடித்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு பூவுக்கும் டேப் வைத்தேன். கௌரவத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

குனிந்தபோது

மண்டபத்தில் பெண்கள் பக்கத்தில் பெரிய டிவி வைத்திருந்தார்கள். ஆண்கள் பக்கம் நடப்பதெல்லாம் அதில் தெரிந்தது. மாப்பிள்ளை, ஹஜ்ரத், எதிரே பாய். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. நெற்றிக்கு மேல் அழகாகப் படிந்து, காதுக்கு மேலே நின்றது. பன்னிரண்டு பூவும் தெரிந்தன.

சம்பந்தி வீட்டுப் பெண்கள் எனக்கு முன்வரிசை. மூத்த மாப்பிள்ளையின் அம்மா, "இந்தத் தடவ என்ன நடக்குதுன்னு பாப்போம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். ஆயிஷாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். இளக்கமான கை என்று அவரே சொன்ன கை அன்றைக்கு என் விரலை நொறுக்கிவிட்டது.

பதிவேட்டை நகர்த்தி வைத்தார்கள். பாய் பேனாவை வாங்கினார். குனிந்தார். மூத்தவள் கல்யாணத்தில் எந்த அளவுக்குக் குனிந்தாரோ அதைவிட அதிகமாகக் குனிந்தார். கையெழுத்துப் போட்டார். தொப்பி அசையவில்லை. அவர் நிமிரவும் இல்லை. பேனாவை மூடி வைத்த பிறகும் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்தபடியே இருந்தார். அம்மாவை நினைத்திருப்பார் என்று எனக்குப் பட்டது. போட்டோக்காரர் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்.

"இந்தத் தொப்பி எந்தக் கடையில வாங்கினது?" என்று திரும்பிக் கேட்டார் மூத்த சம்பந்தி அம்மா. அவர் வீட்டுக்காரருக்கும் தலை பெரிசாம். அன்றைக்கு பிரியாணி எனக்கு இரண்டு மடங்கு ருசித்தது.

ஒரு வாரம் கழித்துப் பாய் கடைக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, ஊசி நம்பர் இருக்கிற பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து நீட்டினார்.

"அம்மா எழுதுனதுக்குக் கீழ உங்க ஊசியையும் எழுதுங்க தங்கச்சி. நாளைக்கு என் பேரனுக்கு யாராச்சும் பின்னுனா பாத்துக்கிருவாக. அவனுக்கும் என் தலைதான்."

"பேர் எழுதணுமா பாய்?"

"அம்மாவும் பேர் எழுதலையே. கை எப்படின்னு எழுதுனாப் போதும்."

நாலு என்ற எழுத்து மங்கலாக, தாளில் பட்டும் படாமலும் இருந்தது. அதன் கீழே எழுதினேன். ஒன்றேமுக்கால் மில்லி. இறுக்கமான கை. பட்டாசு சுற்றின கை என்றும் சேர்த்து எழுதத் தோன்றியது. பட்டாசு என்று எழுதும்போதே பென்சில் முனை படக்கென்று உடைந்துவிட்டது.

பாய் சட்டைப் பையிலிருந்து இன்னொரு பென்சிலை எடுத்துக் கொடுத்தார்.